வாளோடு வாள் ஒட்டி நிற்கும் நேரம்

நாற்பது வயதுக்குப் பிறகு வாள் பிடிக்கப் பழகினேன் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் உடனே நம்புவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் பாய்ப்படகுகளுக்குக் கடதாசி வேலை பார்த்துக் கொடுக்கும் சின்னக் கொம்பனி ஒன்றில் நான் வேலை செய்கிறேன். சுங்கம், குடிவரவு, டீசல், குடிதண்ணீர், பழுதான மோட்டருக்கு ஆள் தேடுவது எல்லாம் என் தலையில்தான். அதில் வாளுக்கு இடமில்லை. ஒரு கியர்பொக்ஸ் உடைந்ததால் அது வந்து சேர்ந்தது.

கியர்பொக்ஸ் உடைந்த படகில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கடலே இல்லாத ஒரு ஐரோப்பிய நாட்டுக்காரர்கள். மாற்றுப் பாகம் கொழும்பில் எங்கோ சிக்கிக் கிடக்க, இவர்கள் உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். காலையில் கரைக்கு வந்து, டச்பே கடற்கரை மணலில் நீளமான இரண்டு கறுப்பு வாள்களை வைத்துப் பயிற்சி செய்வார்கள். வாள்கள் நைலோன்தான், வெட்டாது. ஆனாலும் நடக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு நாள் அந்த அம்மா வீங்கிய மணிக்கட்டோடு எங்கள் கொம்பனிக் கந்தோருக்கு வந்தார். எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வயது முஸ்லிம் பெண், கிண்ணியாக்காரி. தினமும் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வந்து டவுனில் ஒரு அறை எடுத்து நோயாளிகளைப் பார்ப்பாள். என் தோள்வலிக்கு அவளிடம் போய்ப் பழக்கம். நான் அவளை 'மிஸ்' என்பேன், அவள் என்னை 'அக்கா' என்பாள். இன்றைக்கும் அப்படித்தான்.

அவள் அந்த அம்மாவின் உள்ளங்கையில் தன் கையை வைத்து, தள்ளச் சொன்னாள். பிறகு தளர விடச் சொன்னாள். மறுபடி தள்ளச் சொன்னாள். எங்கே வலிக்கிறது என்று கேட்கவே இல்லை. தன் கையாலேயே இடத்தைக் கண்டுபிடித்து, "இங்கதானே?" என்றாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "நாங்களும் இதைத்தான் செய்கிறோம்" என்றார் ஆங்கிலத்தில்.

மூலையில் நோயாளிகளுக்கான ஊன்றுதடிகள் சாத்தியிருந்தன. அதில் இரண்டை எடுத்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். இரண்டு தடிகளையும் குறுக்கே முட்ட வைத்தார். இரண்டு வாள்கள் மோதி விலகாமல் ஒட்டி நிற்கும் ஒரு நேரம் உண்டு, அது கண்ணிமைக்கிற நேரம்தான் என்றார். அந்த நேரத்துக்குள், எதிரில் நிற்பவர் இறுக்கமாக நிற்கிறாரா இளகி நிற்கிறாரா என்பதை வாள் வழியாகக் கை அறிய வேண்டும். பார்த்து யோசித்து முடிவெடுக்க நேரம் கிடையாது. இறுக்கமாக நின்றால் விட்டுக்கொடுத்துச் சுற்றிப் போ, இளகி நின்றால் நேரே போ. அவர்களுடைய கலையில் பாதி அதுதான் என்றார்.

அவள் தடியை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள், பிறகு விட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அக்கா, இது என்ட வேலை" என்றாள் என்னிடம் தமிழில்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை விடிய நாங்கள் மூவரும் டச்பே மணலில் நின்றோம். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் அந்த அம்மாவுக்கு வாள் பிடிக்க ஏலாது. கணவர் மோட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாளைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், நான் சும்மா நின்றேன். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய உடம்பு எனக்கு. அவளைவிட ஒரு தலை உயரம், பாரமும் அதிகம்.

அந்த அம்மா பொறுமையாகச் சொல்லித் தந்தார். வாளின் கைப்பிடிப் பக்கத்துப் பாதி பலமானது, நுனிப் பக்கத்துப் பாதி பலவீனமானது. உன்னுடைய பலமான பாதி மற்றவருடைய பலவீனமான பாதிமேல் இருந்தால் ஒரு குழந்தையும் ஒரு மல்லனை நகர்த்தலாம். வாள் ஒட்டிய பிறகு அதை எடுக்காமலே, கைப்பிடியை உயர்த்தித் திருப்பி, உன் பலத்தை அவருடைய பலவீனத்தின்மேல் கொண்டுவருவதுதான் வித்தை. அதற்கு அவர்கள் மொழியில் வைத்திருக்கும் பெயருக்கு முறுக்குவது, சுற்றுவது என்று பொருள். நாங்கள் 'முறுக்கு' என்று வைத்துக்கொண்டோம். முதலில் வாள்கள் ஒட்டுவதை 'ஒட்டு' என்றோம். பிறகு ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் இருந்து, "மிஸ், உங்கட முறுக்கு இன்னும் சரியில்லை" என்று நான் சொன்னதைக் கேட்ட கடைக்காரர் முறுக்குச் சாடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்த பரம்பரை என்று ஒன்று மிஞ்சவில்லை என்று அந்த அம்மா சொன்னதுதான் அவளை அதிகம் பிடித்துக்கொண்டது. பல நூறு வருசத்துக்கு முன் கையால் எழுதிய சில புத்தகங்கள் மட்டும் இருந்தன. அதை வாசித்து, ஒருவரோடு ஒருவர் செய்து பார்த்து, பிழை பிடித்து, சாதாரண ஆட்கள் திரும்ப உயிர் கொடுத்தார்கள். "அப்ப எங்களுக்கும் ஏலும்" என்றாள் அவள்.

பாகம் வந்தது. படகு கிளம்பியது. போகும் முன் அந்த அம்மா இரண்டு வாள்களையும், வலை போட்ட இரண்டு முகமூடிகளையும் தடித்த கையுறைகளையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனார். "இது என் மணிக்கட்டைப் பார்த்ததற்குக் கூலி இல்லை, உங்களைச் சந்தித்த சந்தோசத்துக்கு" என்றார்.

அதன்பிறகு எங்களுக்கு ஆசிரியர் இல்லை. எங்கள் கொம்பனியின் ஸ்டோரில், கயிற்றுச் சுருள்களையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் ஒதுக்கி ஒரு இடம் பிடித்தோம். முதலாளி ஒரு முறை எட்டிப் பார்த்து, "டியூப் லைட்டை மட்டும் உடைச்சிடாதைங்கோ" என்றார். அவள் பர்தாவுக்குப் பதில், தலையையும் மூடும் தொப்பி வைத்துத் தைத்த ஒரு நீளச் சட்டை அணிந்து வருவாள். வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. ஃபோனில் வீடியோவை மெதுவாக ஓட விட்டுப் பார்ப்போம், நிறுத்துவோம், செய்வோம், குழம்புவோம்.

ஒவ்வொரு முறையும் நான்தான் வென்றேன். காரணம் கலை இல்லை. வாள் ஒட்டியதும் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளுவேன். அவளுடைய வாள் ஒரு பக்கம் போகும், என் வாள் அவள் தோளில் இருக்கும். அவள் கோபித்ததே இல்லை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்ப என்ன செஞ்சீங்க அக்கா? எப்ப தள்ளத் தொடங்கினீங்க, ஒட்ட முந்தியா ஒட்டின பிறகா?" என்று கேட்பாள். எனக்கே தெரியாது. "இன்னொருக்கா செய்யுங்க" என்பாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாளை ஒட்ட வைத்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் தள்ள வேண்டும், அல்லது இளக வேண்டும், அல்லது வாளை எடுக்க வேண்டும். எது என்று அவள் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி பிழை. மழைக்காலம் முடியும் மட்டில், நான் செய்து முடிக்கும் முன்னமே சொன்னாள். சில வேளை நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும் முன்னமே சொல்லிவிட்டாள் என்று தோன்றும். "தோள்ல தொடங்குது அக்கா. உங்கட தோள் பழசா நோகிற தோள்தானே, தள்ள முந்தி ஒரு இறுக்கம் வருது. அது வாள் வழியா வந்திடுது."

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வழக்கம்போல ஒட்டினோம், வழக்கம்போல நான் தள்ளினேன். அவளுடைய வாள் நகர்ந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. என் தள்ளலோடு சேர்ந்தே கைப்பிடியை இடது தோளுக்கு மேலே ஏற்றினாள். வாள்கள் பிரியவே இல்லை. என் வாள் எங்கேயோ வெளியில் கனத்துக் கிடந்தது, அவளுடைய நுனி என் முகமூடியின் வலையில், சரியாக மூக்குக்கு நேரே, பூப்போலத் தொட்டுக்கொண்டு நின்றது.

எனக்கு வலிக்கவும் இல்லை, அதிரவும் இல்லை. அதுதான் என்னை உறைய வைத்தது. இத்தனை பாரத்தோடு வந்தவளை யாரோ கதவைத் திறந்து உள்ளே போக விட்டமாதிரி இருந்தது.

"என்ன செய்தனீங்கள் மிஸ்?"

"ஒண்டும் செய்யல்ல. நீங்க தள்ளினீங்க, நான் விட்டன்." அவளுக்கே மூச்சு வாங்கியது. "இன்னொருக்கா செய்வமா?"

அன்று ஸ்டோரைப் பூட்டும்வரை செய்தோம். பாதி முறை அவளுக்கு வந்தது, பாதி முறை வரவில்லை. எனக்கு ஒரு முறையும் வரவில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போகும்போது ஏதோ நானே வென்றவள்போல நடந்தேன்.

கொழும்பில் இந்தக் கலையைப் பழகும் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது என்று அவள்தான் தேடிப் பிடித்தாள். விடுமுறை நாளில் ஒரு பட்மின்டன் அரங்கில் கூடுகிறார்கள், வரலாம் என்று பதில் வந்தது. விடியற்காலையில் வாடகை வான் ஒன்று பிடித்துக் கிளம்பினோம். ஏறும்போது அவள் நீளப் பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, இத நீங்க வெச்சுக்கொள்ளுங்க. நான் தூக்கினா வேற கதை."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பர்தா போட்ட ஒரு பெண் வாள் பையோடு போனால் இந்த நாட்டில் என்ன கதை வரும் என்பது எனக்கும் தெரியும்.

வழியில் பொலிஸ் மறித்தது. பையில் என்ன என்று கேட்ட இளம் பொலிஸ்காரருக்கு எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் 'விளையாட்டுச் சாமான்' என்றேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவள் இறங்கினாள். பையைத் தானே திறந்தாள். வாளைத் தான் எடுக்காமல், அவரையே எடுத்துப் பார்க்கச் சொன்னாள். நல்ல சிங்களத்தில், குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், இது நைலோன், இது விளையாட்டு, நான் பிசியோதெரபிஸ்ட், இது என் அடையாள அட்டை, இது நாங்கள் போகும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் வாளை வளைத்துப் பார்த்தார், விரலால் விளிம்பைத் தடவினார். கடைசியில், "பொம்பிளைகளும் விளையாடுறதா?" என்று கேட்டார். "ஓம், உங்கட வீட்டில யாராச்சும் இருந்தா அனுப்பிவிடுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வானுக்குள் ஏறி உட்கார்ந்ததும் அவள் பையை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். குடித்தாள். குருநாகல் தாண்டும்போது போத்தல் காலியாக இருந்தது.

அரங்கில் இருந்தவர்கள் அநேகம் பேர் பொடியன்கள், கணினி வேலை செய்பவர்கள், அன்பானவர்கள். ஆனால் வேகம் என்றால் அப்படி வேகம். அவள் முதல் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் தோற்றாள். அடிப்பார்கள், விலகுவார்கள், மறுபடி அடிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே விசயமான அந்த ஒட்டு நடக்கவே இல்லை. நான் ஓரத்தில் இருந்து நகம் கடித்தேன். இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று இருந்தது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "இவங்க ஒட்டி நிக்கமாட்டாங்க அக்கா. நான்தான் போய் ஒட்டணும்."

அடுத்து வந்தவர் அந்தக் கூட்டத்தை நடத்துபவர். நல்ல உயரம், நீண்ட கை. அவர் வெட்ட வந்தபோது அவள் பின்வாங்கவில்லை. முன்னுக்குப் போய், அந்த வெட்டுக்குள்ளேயே தன் வெட்டைக் கொண்டுபோய் வைத்தாள். வாள்கள் ஒட்டின. அவர் பலத்தைப் போட்டார். அவளுடைய கைப்பிடி உயர்ந்தது, வாள் திரும்பியது, நுனி அவருடைய முகமூடியில் நின்றது. அவர் தலையை ஆட்டினார். இரண்டாவது முறை அவர் தள்ளவில்லை, வாளை எடுத்து மறு பக்கம் சுற்ற முயன்றார். எடுத்த அந்தக் கணமே அவளுடைய வாள் அவர் தோளில் இருந்தது. அவர் எடுப்பதைக் கண் பார்த்திருக்க நேரமில்லை. கை கேட்டிருக்கிறது.

மற்ற ஆட்டங்கள் நின்றுவிட்டன. எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர் முகமூடியைக் கழற்றினார்.

"எங்க பழகினீங்க?" என்று கேட்டார் ஆங்கிலத்தில்.

"திருகோணமலையில."

"யார் சொல்லித் தந்தது?"

அவள் என்னைக் காட்டினாள். "அக்கா தள்ளித் தள்ளிப் பழக்கினவ."

அவர் எனக்கும் கை கொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு அவர் அவளோடு நின்று, அவள் கைப்பிடியைப் போதுமான உயரத்துக்கு ஏற்றுவதில்லை, அதனால் தலை திறந்து கிடக்கிறது என்று காட்டினார். ஒரு வருசத்துக்கு மேலாக நாங்கள் பிழையாகச் செய்திருக்கிறோம். அவளுக்கு அதுதான் வெற்றியைவிட அதிக சந்தோசம். திரும்பும் வழியெல்லாம் இருக்கையில் இருந்தபடியே வெறுங்கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வருசம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. நான் மட்டும் கொழும்புக்குப் போய் எல்லோரிடமும் தோற்றுவிட்டு வந்தேன். இப்போது அவள் மீண்டும் வருகிறாள். கூடவே டவுனில் இருந்து இரண்டு தாதிகளும், ஒரு வங்கிக்காரியும். எங்கள் இருவருக்கும் இடது பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டுவது இன்னும் சரியாக வரவில்லை. அதைத்தான் இந்த மாதம் பழகிக்கொண்டிருக்கிறோம்.