சுவிட்சில் வைத்த கை

போன புதன்கிழமை ஒரு கல்யாண வீட்டையே இரண்டாக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. கம்ப்யூட்டர் தெரியும் என்ற தைரியத்தில்தான்!

நண்பர் சொக்கலிங்கம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க அவரும் அவர் அண்ணனும் காரைக்குடியில் ஒரு டிடிபி கடைக்குக் கிளம்பினார்கள். 'விஷயம் தெரிஞ்ச ஆளு' என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே... எங்கள் பக்கம் பாதிச் சண்டை இதில்தானே? சிங்கம்புணரி மாமா முதலிலா, அமராவதிபுதூர் மாமா முதலிலா என்று மூன்று மணி நேரம் மல்லுக்கட்டு. "அப்ப நான் கல்யாணத்துக்கே வரலை" என்று அண்ணன் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினார். ஒருவழியாக ராசியாகி, வரிசை முடிந்தது. பேப்பரில் ஒரு குறிப்பும் கிடையாது. எல்லாம் கடைக்காரர் செல்வியின் ஸ்கிரீனில்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வேற மாடல் ஒண்ணு பாப்போமே" என்று பத்திரிகை ஃபைலை மினிமைஸ் பண்ணிக் கீழே இறக்கச் சொன்னேன். இறங்கியது. ஏறவில்லை. ஸ்கிரீனின் அடியில் இருக்கும் டாஸ்க்பார் அப்படியே உறைந்துவிட்டது.

"சேவ் பண்ணிட்டியாம்மா?" என்றேன்.

"எங்கண்ணே பண்ண விட்டீக? நிமிஷத்துக்கு ஒரு பேரை மாத்துனீக."

அண்ணன் முகம் மாறியது. "அப்ப மறுபடியும் முதல்ல இருந்தா?" என்றார். இந்தத் தடவை அவர் வாசலோடு நிற்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒரே மருந்து. டிவியோ, தண்ணி மோட்டாரோ — மக்கர் பண்ணினால் அணைத்துப் போடு. கை தானாக சுவிட்சுக்குப் போனது.

"கையை எடுங்கண்ணே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீக போல."

செல்வி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினார். ஓடுகிற புரோகிராம்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் டாஸ்க்பாரை நடத்தும் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரு வரியை மட்டும் தொட்டு, ரீஸ்டார்ட். ஸ்கிரீன் ஒருமுறை கண் சிமிட்டியது. டாஸ்க்பாருக்கு உயிர் வந்தது. பத்திரிகையும் மேலே வந்தது — மாமாக்கள் இரண்டு பேரும் வைத்த இடத்திலேயே! முதல் வேலையாக சேவ் பண்ணினார்.

இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரைத் தட்டுகிறேன். சிக்கின இடத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று தோன்றியதே இல்லை. மனுஷர்களிடம் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு வார்த்தை இடறினால் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடுகிறோம்...

படியிறங்கும்போது அண்ணனும் தம்பியும் அன்றைக்கு முதன்முறையாகச் சண்டையில்லாமல் ஒரு முடிவெடுத்தார்கள் — புரூஃப் பார்க்க வரும்போது என்னைக் கூப்பிடுவதில்லை!