முகத்துவாரத்தில் இரை இல்லையாம்

ஆற்றில் மீன் குறைந்தால் எல்லோரும் மீனைத்தான் தேடுகிறார்கள். மீன் எதைத் தின்று வளரும் என்று கேட்பவர் இல்லை. நான் கேட்டேன். அதுதான் என் உத்தியோகமாக இருந்தது, கொஞ்சக் காலம்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகள். கொட்டாஞ்சேனையில் மூட்டைப்பூச்சி நிறைந்த ஓர் அறையில் இருந்துகொண்டு, களனி ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஒரு சிறிய ஆய்வுகூடத்துக்கு நடந்து போவேன். மழை மாதங்களில் அங்கே உப்பு ஏறாது. நல்ல தண்ணீர்தான். ஆனாலும் கடல் பெருகும்போது அந்த நல்ல தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு உயரும், வற்றும்போது ஓடும். எங்கள் கரையில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டடிகூட இல்லை. இரண்டடியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வேலை இதுதான்: பட்டுத்துணி வலையை வள்ளத்தின் பின்னால் இழுத்து, சேர்ந்ததைப் போத்தலில் அடைத்து, கட்டம் கீறிய கண்ணாடியில் ஒரு துளி வைத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது. தண்ணீர்த் தெள்ளு, ஒற்றைக்கண் பூச்சி, சக்கரம்போல் வாய் சுழற்றும் இன்னும் சிறியவை. இறங்குதுறைக்கு முன்னால் நடு ஆற்றில் ஒரு துளிக்கு நான்கு, ஐந்து. கோரைப்புல்லுக்குப் பின்னால் ஆறு தேங்கி நிற்கும் ஒதுக்கில் எண்பதுக்குக் குறைந்ததில்லை. தொகை மட்டுமல்ல. இவற்றின் உடல் கண்ணாடி மாதிரி. தின்றது வெளியே தெரியும். ஒதுக்கில் எடுத்தவற்றின் குடல் பச்சை நூல்போல் நிறைந்திருக்கும், முதுகில் முட்டை இருக்கும். நடு ஆற்றில் எடுத்தவற்றின் வயிற்றில் வெறும் சேறு.

அந்த வருடம் ஜாவாவிலிருந்து வந்த நல்ல தண்ணீர் மீனான கோராமியின் குஞ்சுகளை விழா வைத்து ஆற்றில் விடத் திட்டம் போட்டார்கள். திட்டம் பலித்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று ஆய்வுகூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். நிரந்தரமானால் எனக்குக் கலியாணம். வெள்ளவத்தையில் பெண் பார்த்தாயிற்று. பெண்ணின் தகப்பனார் இளைப்பாறிய கிளாக்கர்.

"தம்பி மீனை எண்ணுறீரோ?"

"இல்லை ஐயா, மீன் தின்னுறதை எண்ணுறன்."

"அப்ப, மீன் தின்னுறது என்னத்தைத் தின்னுது எண்டும் பாப்பீரோ?"

"ஓம், அதையும் பாக்கிறனான்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள்தான். தகப்பனார் சிரிக்கவில்லை. "பென்சன் இருக்கோ?" என்றார். நிரந்தரமானால் உண்டு என்றேன். அப்படியென்றால் அது ஆகட்டும், பிறகு நாள் பார்ப்போம் என்றார்.

குஞ்சுகளைக் கோரை ஒதுக்கில் விட வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வராததால் ஆய்வுகூடத்துப் பெரிய கிளாக்கரிடம் போனேன்.

"ஒதுக்கு முழுக்கச் சேறு. துரைசாணிமாரும் வருகினம். அவையளைச் சேத்துக்கை இறக்கச் சொல்லுறீரோ? விழா இறங்குதுறையிலைதான்."

"அங்கை குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை, ஐயா. காலமையெண்டாலும் விடச் சொல்லுங்கோ. பின்னேரம் தண்ணி வத்தும். எல்லாம் கடலுக்கை போயிடும்."

"தேத்தண்ணிக்குப் பிறகு எண்டு அழைப்பு அடிச்சாச்சு."

"கடல் எங்கட நேரத்துக்கு நிக்காது."

"அப்ப கடலுக்கும் ஒரு அழைப்பு அனுப்பும்."

விழா நாளன்று பின்னேரம் ஐந்து மணிக்கு, நல்ல வற்று ஓட்டத்தில், குஞ்சுகள் நிறைந்த தகரப் பீப்பாய்கள் ஆறையும் ஆற்றில் கவிழ்த்தார்கள். கை தட்டினார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன். குஞ்சுகள் வாலை அடித்துப் பார்த்தன. தண்ணீர் அவற்றைக் கடற்பக்கம் கொண்டுபோயிற்று. இறங்குதுறைக்கு மேலே காகமும், வெளியே கடலின் மேல் கடற்பறவைகளும் இருந்தன. துரைசாணிமார் கேக் சாப்பிட்டார்கள்.

மூன்று மாதம் வலை போட்டும் ஒரு கோராமிகூட அகப்படவில்லை. அரசாங்க அறிக்கை வந்தது. திட்டம் தோற்றதற்குக் காரணம், முகத்துவாரத்தில் மீன்குஞ்சுகளுக்கு இரை போதாது. ஆதாரம், நடு ஆற்றில் நான் எண்ணிய நான்கு, ஐந்து. என் எண்கள்தான். ஒன்றுகூடப் பிழையில்லை. எண்பதை மட்டும் அச்சடிக்கவில்லை. துரையிடம் கேட்டேன். விழா நடந்த இடத்தின் கணக்குத்தான் தேவைப்பட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

இரை இல்லாத ஆற்றில் இரை எண்ண ஆள் எதற்கு? அந்த மாத முடிவோடு என்னை நிறுத்தினார்கள். வெள்ளவத்தைக்குப் போய் நானே சொன்னேன். தகப்பனாரின் மேசையில் பத்திரிகை விரித்திருந்தது. அறிக்கையின் சுருக்கம் அதிலே வந்திருந்தது.

"உம்மிலை எனக்கொரு குறையுமில்லை, தம்பி," என்றார். "ஆனால் ஆத்திலை ஒண்டுமில்லையெண்டு கவண்மேந்தே சொல்லுது. நீர் இத்தனை காலமும் என்னத்தை எண்ணினனீர்?"

கோரை ஒதுக்கைப் பற்றிச் சொன்னேன். பச்சைக் குடலைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுப் பத்திரிகையைச் சுட்டிக் காட்டினார். "அப்பிடியெண்டால் இதிலை போட்டிருப்பாங்களே."

இந்த முறை உள்ளே யாரும் சிரிக்கவில்லை. தையில் அவளுக்கும் சுங்கப் பகுதிக் கிளாக்கர் ஒருவருக்கும் கலியாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை.