அல்போன்ஸ் அண்ணை வாசிக்காத அக்கோடியன்

அல்போன்ஸ் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு குரற்பதிவாக வந்தது. அப்போது வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பதிவின் முதற்பாதி முழுவதும் அவருடைய மனைவி றீற்றா அக்கா, நான் போனை எடுக்காததற்கு என்னை ஏசினார். பிறகு மூச்சு விட்டு, "அவர் விடிய எழும்பேல்ல, தம்பி" என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். கொழும்பில் நடந்த கல்யாணங்களில் நீங்கள் ஒரு தரமாவது ஆடியிருந்தால், அநேகமாக அவருடைய அக்கோடியனுக்குத்தான் ஆடியிருப்பீர்கள். பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது கொட்டாஞ்சேனை, வேலை துறைமுகத்தில். பல வருடங்கள் அவர் பக்கத்தில் நின்று வயலின் வாசித்திருக்கிறேன். "உம்மட வயலின் எப்பவும் செத்தவீட்டிலதான் நிக்குது. கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு வாரும்" என்பார்.

சில வருடங்களுக்கு முன் ஆசிய நாடுகளுக்கான தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் எங்கள் நாடு முதல் தடவையாகக் கலந்துகொண்டது. பாட்டில் இரண்டு சரணம் சிங்களம், ஒரு சரணம் தமிழ். வயலின் நான்; தமிழ்ச் சரணம் முடிந்ததும் அண்ணையின் தனி வாசிப்பு. அதற்குப் பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் இரவு பகலாகப் பழகினார். மருதானையில் நீலக் கோட்டு ஒன்று தைப்பித்தார். கனடா, லண்டன், பாரிஸ், நோர்வே என்று எங்கெல்லாம் சொந்தக்காரர் இருந்தார்களோ, அங்கெல்லாம் போன் எடுத்து, தன் வாசிப்பைப் பார்த்துவிட்டு வோட்டுப் போடச் சொன்னார். முடிதிருத்தும் கடையில்கூட அறிவித்திருந்தார்.

போட்டி நடந்த நாட்டுக்குப் பயணப்படுவதற்கு முந்திய ஒத்திகையில் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டியது. தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். தயாரிப்பாளர் நல்ல மனுசன், மிகவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார், தமிழ்ச் சரணத்தை எடுத்துவிடலாம் என்று. இந்த நாட்டில் எதையாவது வெட்டுவதென்றால் அப்படி வருத்தப்பட்டுத்தான் வெட்டுவார்கள். அண்ணை, தன்னுடைய வாசிப்பு எவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் கேட்டார். அதுவும் ஏறத்தாழச் சரணத்தின் அளவுதான் என்றார்கள்.

"அப்ப அதை வெட்டுங்கோ" என்றார். அப்படியென்றால் நீங்கள் வரவே தேவையில்லையே என்று தயாரிப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணை அதற்கும் சிங்களத்தில்தான், தம்பி என்ற பொருளில் 'மல்லி' போட்டு, பதில் சொன்னார்: "கோட்டுத் தைச்சாச்சே, மல்லி."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். "தம்பி, அக்கோடியன் எந்த நாட்டிலயும் கேட்கலாம். இந்த நாட்டின்ர பேரில தமிழ்ப் பாட்டு வேற எங்க கேட்கிறது?" என்றார். பிறகு, வீட்டில் இதைச் சொல்லிவிடவேண்டாம், றீற்றாவுக்கு மனம் தாங்காது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

அந்த மாதிரிப் போட்டிகளில் இசை முன்னரே பதிவு செய்யப்பட்டிருக்கும். மேடையில் நிற்பவர்கள் வாசிப்பதுபோல் நடிக்கவேண்டும். நாங்கள் எல்லோரும் பதிவில் இருந்ததை வாசிப்பதாக நடித்தோம், அவர் மட்டும் பதிவில் இல்லாததை வாசிப்பதாக நடித்தார். தமிழ்ச் சரணம் தொடங்கியதும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, அக்கோடியனை விரித்து விரித்துச் சுருக்கினார். கமெராக்காரர் சொக்கிப்போய், பாடகியை விட்டுவிட்டு அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிக்கு முந்திய இடம் எங்களுக்குக் கிடைத்தது. சொந்தக்காரர் சொன்ன சொல் தவறாமல் வோட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் போட்டியில் கலந்துகொண்ட நாடுகளின் வோட்டு மட்டுமே செல்லும் என்பதை நாங்கள் யாரும் விசாரித்திருக்கவில்லை. அந்த நாடுகளில் எங்களுக்கு ஒரு ஒன்றுவிட்ட மச்சான்கூட இல்லை. அண்ணை நீலக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, "எங்கட சனம் பிழையான நாடுகளுக்கு ஓடிப்போட்டுது" என்றார். இதைவிடப் பொருத்தமாக எங்கள் கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செத்தவீட்டில் றீற்றா அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தி, அந்தப் பாட்டைப் பற்றிக் கதைத்தார். சத்தியத்தைக் காப்பாற்றும் உறுதியோடு, அண்ணை அன்றைக்கு மிக நன்றாக வாசித்தார் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்டில ராப்பகலா அதைக் கேட்டனான். ரீவியில அது வரேல்ல எண்டு எனக்குத் தெரியாதே? அவர் சொல்லேல்ல, நானும் கேட்கேல்ல. ஆனா அந்தப் பிள்ளை தமிழில பாடேக்க இந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு, எங்கட கலியாணப் படத்தில கூட இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். நானும் அழுதேன்.

அந்தத் தமிழ்ச் சரணத்தை இன்றைக்கும் யாரும் போனில் தேடிக் கேட்கலாம். அண்ணையின் வாசிப்பு எந்தப் பதிவிலும் இல்லை. ஒத்திகையில் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். தமிழ்ச் சரணம் முடிந்ததும் நான் அவருடைய பகுதியை வயலினில் வாசிக்கிறேன், முழுவதையும். நீளம் என்று இதுவரை யாரும் நிறுத்தவில்லை.