அம்மா பின்பக்கமாக நடந்த மலைப்பாதை

கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கிற கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. கல்யாணம் கட்டிப் போய் யாழ்ப்பாணத்தில் இருந்த நான், சண்டையில் சனம் அந்த ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு மகன் கூப்பிட்டு இங்கே வந்தேன். பின்னேரங்களில் மருமகள் என்னை நடக்கச் சொல்லுவா. கட்டடம் எனக்கு வலப்பக்கம் இருக்கும்படியாகத்தான் எப்போதும் சுற்றுவேன். போன கிழமை பேத்தி என் கையைப் பிடித்து மற்றப் பக்கமாக இழுத்தாள். "அப்பம்மா, இதாலயும் போகலாம்தானே" என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் பிறந்தது காரைக்காலில். அப்பா ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல்காரர். துரை வேலை முடிந்து தன் ஊருக்குத் திரும்பினபோது, அப்பாவின் மீன்குழம்பை விட்டுப் போக மனமில்லாமல் எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். பிரான்சின் தெற்கே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அது. கல்வீடுகள், ஒலிவ் மரங்கள், உச்சியில் ஒரு மாதா கோயில். மலையையும் ஊரையும் சுற்றி ஒரு ஒற்றையடிப் பாதை ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சனம் அதில் நடக்கும். பாதை பிரிகிற இடங்களில் வழி தெரியக் கல்லில் சிவப்பு வர்ணத்தால் அடையாளம் போட்டிருப்பார்கள். அந்தச் சனம் மலையை இடப்பக்கம் வைத்துச் சுற்றுகிறது, அடையாளமும் அப்படி வருகிறவர்களின் கண்ணுக்குத்தான் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு எட்டு வயது. கைக்குழந்தையான தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் துரையின் மனைவியிடம் மெதுவாக ஏதோ சொல்லிப் போனார். அந்த மதாம் வந்து அம்மாவின் தோளைத் தொட்டா. அதுவரை அவ அம்மாவைத் தொட்டதேயில்லை. பிள்ளை தப்பாது என்று அம்மாவுக்கு விளங்க அதுவே போதுமாக இருந்தது.

"மாதாவோ மாரியாத்தாவோ, மேல இருக்கறவ கேப்பா. மலையை வலம் வந்துடறேன்."

"இந்த ஊர்ல வந்து கிரிவலமா? பாத்தா சிரிப்பாங்க" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். நீங்க புள்ளைகிட்ட இருங்க."

சமையலறையில் பொறுக்கின பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் வரும். அதனால் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டா. இரண்டு பேரும் வெறுங்காலோடு புறப்பட்டோம்.

முதலில் நல்லாகத்தான் இருந்தது. பிறகு பாதை ஒடுங்கிக்கொண்டே போனது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். ஒரு சிவப்பு அடையாளத்தையும் காணோம். மேலேயிருந்து பனிப்புகார் இறங்கி அம்மாவின் சேலைக்கரை மட்டும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. எங்கேயோ மணிச்சத்தம் கேட்டது. ஆடுகளோடு ஒரு கிழவர் வந்தார். இது ஆட்டுத்தடம், முன்னால் இடிந்து கிடக்கிறது, வந்த வழியே திரும்புங்கள் என்றார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"திரும்ப மாட்டேன்" என்றா அம்மா. "திரும்புனா மலை இடப்பக்கம் வரும். பொணத்தைத்தான்டி அப்படிச் சுத்துவாங்க. என் புள்ள அங்க கெடக்கறான்."

எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்த கிழவர் அதையே இன்னும் பலமாகக் கத்தினார். நான் அழத் தொடங்கினேன். அம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் பின்பக்கம் தடவிப் பார்த்தா.

"முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நீ கீழ எறங்கு. நான் திரும்பாம பின்பக்கமாவே வரேன். மலை என் வலப்பக்கமே இருக்கட்டும்."

கிழவர் எங்களைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் முன்னால் பார்த்து நடந்தேன். எனக்குப் பின்னால் அம்மா முதுகைக் காட்டியபடி காலால் தடவித் தடவி வந்தா. கல்லு, வேர், படி என்று நான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் "வலப்பக்கம் பள்ளம்மா" என்றேன். என் வலது அவவுக்கு இடது என்று எனக்குத் தோன்றவில்லை. பாதையில் ஏதோ குழி என்று நினைத்து அவ இடப்பக்கம் ஒதுங்கினா. கல் சரிந்தது. முந்தானை என் கையை வெட்டி இழுத்தது. நானும் விளிம்பு வரைக்கும் போய், ஒரு வேரில் முட்டி நின்றேன். உருண்ட கல் கீழே விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. அம்மா பாறையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினா. நான் வேரை விடாமல் பிடித்திருந்தேன்.

"சொல்லுடி" என்றா. குரல் அவவுடையது போலவே இல்லை. அதற்குப் பிறகு வலது இடது என்று சொல்லாமல், மலைப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்றே சொல்லி இறங்கினேன்.

வீடு வந்தபோது பொழுது பட்டுவிட்டது. அம்மா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே, "இருக்கானா?" என்று கேட்டா.

"நல்லா வேர்த்திருக்கு. பால்கூடக் குடிச்சான்" என்றார் அப்பா.

அம்மா படியில் அப்படியே இருந்துவிட்டா. என்னை இழுத்து, விளிம்பு வரைக்கும் போன என் இரண்டு காலையும் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவினா. முள்ளுத் தேடுறா என்று நினைத்தேன்.

"முள்ளு ஒண்ணும் ஏறலம்மா" என்றேன்.

அவ விடவில்லை. உள்ளே தம்பி அழத் தொடங்கினான். அவனுக்காகத்தானே இவ்வளவும், போய்த் தூக்காமல் இங்கே என்ன செய்கிறா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காலை இழுத்துப் பார்த்தேன். அவ இன்னும் இறுக்கிப் பிடித்தா.