முட்டுக்காட்டுத் துறையில் இடக்கை வீச்சு

சனிக்கிழமை, காலை 4.10. சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் ஆட்டோ வந்து நின்றபோது நாய்கள்கூடத் தலை தூக்கவில்லை. முட்டுக்காடு போக, அங்கே காத்திருக்க, திரும்பி வர எல்லாமாகச் சேர்த்து 1,400 ரூபாய் என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தேன். ஓட்டுநர் முருகன் எங்கள் தெருக்காரர்தான். அதற்காக ஒரு பத்து ரூபாய் குறைப்பாரா என்றால், அதெல்லாம் கிடையாது.

முதலில் என் கணவர் ஏறினார். இடது கால், இடது கை, பிறகு மெல்ல வலது பக்கம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலக்கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. அதனால் வீட்டில் 'ம்', 'சரி', 'வேணாம்' என்ற மூன்றிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் இருபது வருஷம் சனிக்கிழமை தவறாமல் முட்டுக்காட்டில் தூண்டில் போட்டவர். போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, இவ்வளவு சொன்னார்: "ஒரு தடவை... இடக்கையால... வீசிப் பாக்கறேன். முடியலைன்னா... ராடை அல்போன்ஸுக்குக் குடுத்துடு." ராடு என்றால் அவருடைய தூண்டில் கோல்; அல்போன்ஸ், துறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று மீன் பிடிப்பவர். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம். பகலில் ஹாரன் சத்தத்தில் மண்டை வெடிக்கும் வேளச்சேரி சாலை, அந்த நேரத்தில் யாரோ கழுவித் துடைத்துப் போட்டது மாதிரிக் கிடந்தது. மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் வந்ததும் சதுப்பு நிலத்திலிருந்து பனி எழுந்து சாலைக்கு வந்துவிட்டது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்கள் பனிக்குள் மறைந்து, மேல்மாடி விளக்குகள் மட்டும் ஆகாயத்தில் மிதந்தன. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். இவர் என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டாகக் கழற்றிய எட்டடி ராடு அவர் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது.

"சார், அத்த வெளிய நீட்டிடாதீங்க. போலீஸு பாத்தா வேல்கம்புன்னு நெனச்சிக்கப் போறான்," என்றார் முருகன்.

இவர் சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

4.45. சோழிங்கநல்லூர் சந்திப்பில் டீ, பதினைந்து ரூபாய். அங்கிருந்து அக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் பனையூர், உத்தண்டி, கானாத்தூர், பிறகு முட்டுக்காடு. மொத்தம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். கானாத்தூரில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இவர் மூக்கை உறிஞ்சி அந்தக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

5.10. துறை. பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, உப்பங்கழி கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சிமென்ட் படகுத்துறை அது. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டில் நாற்பது சின்ன விளக்குகள் ஒரே கோட்டில் நின்றன. கிட்டே போனால் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு மனிதர், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, முழங்கைக்கு முழங்கை இடித்துக்கொண்டு. தண்ணீர் சத்தமே போடாமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர்களும் பேசவில்லை. தூண்டில் லைனைச் சுற்றும் ரீலின் சத்தம் மட்டும், ஒன்று நின்றால் இன்னொன்று.

இந்த நெரிசலில் எப்படிச் சிக்காமல் வீசுகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். துறைக்கு இரண்டே சட்டம். ஒன்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் கோடியில் நிற்பவர்தான் முதலில் வீச வேண்டும். அவர் வீசி முடித்த பிறகு பக்கத்தில் இருப்பவர், பிறகு அவருக்குப் பக்கத்தவர், இப்படியே மறுகோடி வரைக்கும். இரண்டாவது, யாருடைய லைன் அடுத்தவர் லைனுக்குக் குறுக்கே போய்ச் சிக்குகிறதோ, அவர்தான் தன் லைனை அறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேச்சே கிடையாது. இருபது வருஷத்தில் இவர் இதைத் தவிர வேறு எந்தச் சட்டத்தையும் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அல்போன்ஸ் ஓடி வந்தார். கோவிலம்பாக்கத்தில் எலெக்ட்ரிக் வேலை செய்பவர், இவருடைய துறைக் கூட்டாளி. "வாங்க சார்! வாங்க டீச்சர்! எடம் ரெடி." இவர் வழக்கமாக நிற்கும் கல் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதற்கு வலப்பக்கம் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். ஒரு சாண் இடத்துக்கு மல்லுக்கட்டுகிற துறையில் இரண்டு ஆள் இடம்! எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்து வணக்கம் வைத்தார்கள்.

இவர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. தூணில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, வலது கக்கத்தில் ராடை இடுக்கி, இடக்கையால் ரீலைத் திறந்து, வீசினார். ஈயக்குண்டு பத்தடி தள்ளி 'ப்ளக்'கென்று விழுந்தது.

"சூப்பர் சார்!" என்றது ஒரு குரல்.

"செம்ம வீச்சு!" என்றது இன்னொன்று.

இரண்டாவது வீச்சு காலடியிலேயே விழுந்தது. அதற்கும் பாராட்டு. மூன்றாவது இடப்பக்கம் கோணிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் நின்ற நால்வரும் முணுமுணுக்காமல் தங்கள் லைனைச் சுற்றி மேலே எடுத்துக்கொண்டார்கள். பிறகு அல்போன்ஸ் ஒரு வேலை செய்தார். தன் ராடில் மாட்டியிருந்த கிழங்கான் மீனை, மீனோடு ராடோடு இவர் கையில் திணித்து, "சார், உங்க எறைய சாப்ட வந்துதான் இங்க மாட்டிக்கிச்சு, நீங்களே இழுங்க," என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. ஏனென்றால் இதற்கெல்லாம் காரணம் நான்தான். வியாழக்கிழமை இவர் தூங்கும்போது மொட்டை மாடிக்குப் போய் அல்போன்ஸுக்குப் போன் பண்ணி, "தம்பி, சார் மனசு உடையக் கூடாது, எல்லார்கிட்டயும் கொஞ்சம் சொல்லி வை," என்று கெஞ்சியவள் நான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஒரு மார்க்கில் தோற்றவனுக்குக்கூட அந்த ஒரு மார்க்கைக் கூட்டிப் போட்டதில்லை. கட்டின கணவருக்கு மட்டும் நாற்பது பேரிடம் கருணை மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இவர் அந்த ராடை அல்போன்ஸிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டில் நான் மாத்திரை நீட்டும்போது வரும் அதே முகம்தான் வந்தது. "போலாம்," என்றார். பிறகு தன் ராடைக் கண்ணால் காட்டி, "அவன்கிட்ட... குடுத்துடு."

"இப்பத்தானே வந்தோம்? விடியட்டுங்க."

"குடுத்துடு." ராடை என் கையில் வைத்தார்.

மணி 5.40. கிழக்கே வானம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. ஒரு கட்டுமரம் அந்தச் சாம்பலுக்குள் எங்கோ அந்தரத்தில் போவது மாதிரி போனது. அவ்வளவு அழகான விடியலில் எனக்கு அழுகையாக வந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று பையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். பம்மலில் தோல் பட்டறை வேலை என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், சிவப்புப் பனியன், இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்த கண். துறை முழுக்க ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது: எங்கள் கருணையால் உண்டான அந்த இரண்டு ஆள் இடம். ஒரு வார்த்தை கேட்காமல் அதில் வந்து நின்று, பையை வைத்து, இரை குத்தி, வீசிவிட்டான். நல்ல வீச்சு. குண்டு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

இவர் அதைப் பார்த்தார். என் கையிலிருந்த ராடை வெடுக்கென்று பிடுங்கினார். முறை இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக உடம்பு முழுவதையும் திருப்பி வீசினார். குண்டு நாற்பதடி போனது! ஆனால் நேராகப் போகவில்லை. வலப்பக்கம் வளைந்து, பம்மல்காரன் லைனுக்கு மேலே விழுந்து, அதற்கப்பால் இருந்த இன்னும் இரண்டு லைனையும் சேர்த்து அள்ளிக்கொண்டது.

"யோவ் பெருசு!" பம்மல்காரன் கத்திய கத்தில் கொக்குகள் எழுந்தன. "இன்னாய்யா வீசுற? கைய எங்கனா அடகு வெச்சுட்டு வந்துகினியா? மூணு லைன் மேல போட்டுகினு சிலை மாதிரி நிக்கிறே? காலங்காத்தால பேஜாரு!"

அல்போன்ஸ் பாய்ந்து வந்தார். "டேய், மூடு வாயை! அவரு யாருன்னு தெரியுமா? அவருக்கு..."

இவர் இடக்கையைத் தூக்கினார். அல்போன்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ..." என்று தொடங்கினார் இவர். வாய் கோணியது. நான் உதவிக்கு வாயெடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன். "நீ... லேட்டா வந்து... என் எடத்துல நின்னுகினு... என்னையே கேக்குறியா? தள்ளி நில்லுடா... பேமானி!"

கர்த்தரே! சபைக் கமிட்டியில் பதினோரு வருஷம் இருந்தவர் வாயில் பேமானி! எட்டு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. ஒரு சொல்கூட விழாமல் கடைசி வரைக்கும் வந்து சேர்ந்தது.

பம்மல்காரன் கொஞ்சமும் அசரவில்லை. "உன் எடமா? பட்டா கீதா? அத்த விடு. குறுக்கால போன லைன் யார்து?"

"என்னுது."

"அப்ப அறு."

"பாவம்பா, விட்ரு," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "நாங்க எங்க லைன அறுத்துக்கறோம் சார்," என்றார் இன்னொருவர்.

"யாரும் அறுக்க வேணாம்." இவர் அவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "குறுக்க போனது... என்னுது." குனிந்து லைனை வாயில் கவ்வி, பல்லால் கடித்து அறுத்தார். சிக்கிய லைன் தளர்ந்து தண்ணீரோடு போயிற்று. ஒரு நல்ல கொக்கியும் ஈயக்குண்டும் அதோடு போயின.

இனிப் புதுக் கொக்கி கட்ட வேண்டும், ஒற்றைக் கையால். தூணில் சாய்ந்து, கொக்கியைச் சட்டைப் பொத்தான் ஓட்டையில் மாட்டிக்கொண்டு, லைன் நுனியை எச்சில் தொட்டு, துளைக்குள் விடப் பார்த்தார். நழுவியது. மறுபடி. மறுபடியும் நழுவியது. என் இரண்டு கைகளும் தானாக நீண்டன, அவற்றை மடிக்குள் வைத்து அழுத்திக்கொண்டு நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பம்மல்காரன் உதவவில்லை. ஆனால் வீசவும் இல்லை. தண்ணீர் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, இவர் அவனுக்கு இடப்பக்கம். இவர் வீசினால்தான் அவன் வீசலாம். அவன் வீசினால்தான் அவனுக்கு அப்பால் நிற்கும் இருபது பேரும் வீசலாம். லைனைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். சூரியன் தண்ணீரிலிருந்து முழுக்க வெளியே வந்தது. துறை முழுவதும் மஞ்சளாகி, நெற்றி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் அசையாத அந்தக் காலைக்குள் என் கணவரின் இடக்கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"கட்டிகினே கீறியே பெருசு. சீக்கிரம் ஆவட்டும். மீன்லாம் மகாபலிபுரம் போயிடப் போவுது."

"இருடா... அவசரக்குடுக்கை."

பன்னிரண்டு நிமிடம் ஆனது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முடிச்சைப் பல்லால் இறுக்கி, இரை குத்தி, இவர் நிமிர்ந்து வீசினார். இருபதடிதான். ஆனால் நேராகப் போய் விழுந்தது. இந்தத் தடவை யாரும் "சூப்பர்" சொல்லவில்லை. பம்மல்காரன் வீசினான், அடுத்தவர் வீசினார், அடுத்தவர், அடுத்தவர். ரீல் சத்தம் துறையின் மறுகோடி வரைக்கும் ஓடி அடங்கியது.

அவர்கள் எல்லோரும் அன்பாக இருந்தபோது இவருக்குக் கிடைக்காதது, திட்டு வாங்கியதும் கிடைத்துவிட்டது. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சண்டை போடாத நாள் இல்லாத வீடு எங்களுடையது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து நான் இவரிடம் குரல் உயர்த்தவே இல்லை. அதை நான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

7.50. கிளம்பினோம். மீன் ஒன்றும் இல்லை. ஒரு கெளுத்தி மட்டும் மாட்டியது, அதையும் இவர் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். பம்மல்காரன் தலையைத் திருப்பாமல், "அடுத்த வாரமும் இங்கதான் நிப்பேன், சொல்லிட்டேன்," என்றான். "நிப்ப... நிப்ப," என்றார் இவர். ராடை யாரிடமும் கொடுக்கச் சொல்லவில்லை.

மேடவாக்கத்தில் போக்குவரத்து நெரிசல் பிடித்துக்கொண்டது, காலையில் பனிக்குள் மிதந்த சாலையா இது என்று இருந்தது. வீடு வந்து சேர 9.20. நான் பையோடு சமையலறைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், வேலைக்கார அம்மா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்த கூடத்துத் தரையில், முட்டுக்காட்டுச் சேறு மொத்தமும் செருப்பில் ஏந்தி, ராடிலிருந்து சொட்டச் சொட்ட நடுவில் நிற்கிறார்.

"ஏங்க, கண்ணு எங்கே இருக்கு? செருப்பைக் கழட்டத் தெரியாதா? இது வீடா, மீன் மார்க்கெட்டா? இப்பத்தானே துடைச்சிட்டுப் போனா? நாத்தம் குடலைப் புடுங்குது! இந்த வீட்டிலே ஒருத்தி மாடா உழைக்கணும், ஒருத்தர் மட்டும்..."

என் குரல் தெருவரைக்கும் போயிருக்கும். பாதியில் எனக்கே காதில் விழுந்து, திக்கென்று நிறுத்தினேன். இவர் சேற்றிலேயே நின்றுகொண்டு, அவசரமில்லாமல் கேட்டார்:

"முடிஞ்சுதா? ராடை... எங்க வைக்கறது?"

"கதவுக்குப் பின்னாலே வைங்க," என்றேன். "வேற எங்கே வைப்பீங்களாம்?"