அண்ணி ஆசிரியையான கதை

கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அண்ணி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, அவருடைய தகரப்பெட்டியை அம்மா ஆவலோடு திறந்து பார்த்தார். மேலே நாலைந்து சேலைகள். அடியில் முழுக்கப் புத்தகங்கள். "ஏம்மா, இதெல்லாம் என்னாத்துக்கு?" என்று அம்மா கேட்டார். "வாசிக்கத்தான் அத்தை," என்றார் அண்ணி.

அண்ணி பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சை தேறியவர். தகப்பன் படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர். எங்கள் வீட்டிலும் அதே வேலைதான் காத்திருந்தது. அண்ணன் பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். அம்மா முழங்கால் வீக்கத்தால் மலையேற முடியாமல் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்கு ஓர் ஆளாவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டம் தந்த லயத்து அறை எங்களுக்கு நிலைக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் அண்ணியின் கூடைக்குள், பொலித்தீனில் சுற்றிய ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். பகலில் மற்றப் பெண்கள் வெற்றிலை போட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் வாசிப்பார். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவது அண்ணனின் பொறுப்பு. அண்ணனுக்கு வாசிப்பில் ருசி இல்லை. தடிமனானதாகப் பார்த்து எடுப்பார், அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்று. அண்ணி அதையும் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, ஒரே வாரத்தில் அடுத்ததைக் கேட்பார்.

தோட்டப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் லயத்துக்கே வந்து, "பிள்ளை, முதலாம் வகுப்புக்கு ஆளில்லை. நீர் வந்து படிப்பிச்சால், பிறகு நியமனத்துக்கு நான் எழுதிப் பார்க்கிறன்," என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அண்ணி மலையை விட்டால் அந்த இடத்துக்கு நான்தான் போக வேண்டும். அப்போது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன்.

"இப்ப முடியாதுங்க சேர். இவ படிச்சு முடிக்கட்டும்," என்றார் அண்ணி. சேர் போனதும் அரிசி களையப் போய்விட்டார். அந்தப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைச் சேர்க்கும் பரீட்சை வந்தது. அண்ணியும் நானும் ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போய், ஒரே மண்டபத்தில் இருந்து எழுதினோம். முடிவு வந்தபோது அண்ணி தேறியிருந்தார். நான் தேறவில்லை.

அன்று அடுப்படியில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணிதான் முதலில் பேசினார்.

"நான் போகல. நீ இன்னொரு தடவ எழுது."

"நீங்க போங்க அண்ணி. கூடைய நான் எடுத்துக்கிறேன்."

அதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை அண்ணி சேலை கட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போக, நான் பெரட்டுக்குப் போனேன். லயத்து வாசலில் நின்று இருவரையும் அனுப்பிவைத்த அம்மா, யாருக்காக என்று தெரியாமல் அழுதார்.

அண்ணி பயிற்சிக் கலாசாலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் எடுத்தார். கடைசியில் மொனராகலைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலைக்கு அதிபரானார். அந்த வெயில் ஊரில் அவருக்கு ஆகாத ஒரே விஷயம், புத்தகங்களுக்குக் கறையான் வருவதுதான். நான் சில வருடம் கொழுந்து பறித்துவிட்டு, தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலைக்கு மாறினேன். மறுபடி பரீட்சை எழுதவில்லை. அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை.

ஓய்வு பெற்று அண்ணனோடு பதுளையில் இருக்கும் அண்ணிக்கு இந்த வருடம் கண்ணில் புரை என்றார்கள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து, கொஞ்சக் காலம் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சோறு சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். நான் பின்னேரங்களில் பஸ் ஏறிப் போய், அவர் பாதியில் விட்ட நாவலை வாசித்துக் காட்டினேன். "ஓடாத. அவ கோவமா பேசுறா, கோவமா வாசி," என்று கண்ணை மூடியபடியே என்னைத் திருத்துவார். போகப் போக, அன்றைய பகுதி முடிந்தாலும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

போன வாரம் வாசிக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். நான் புத்தகத்தை அண்ணியிடம் நீட்டினேன். புதுக் கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கத்தைப் பார்த்தார். எழுத்தெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை என் மடியிலேயே வைத்தார்.

"நீயே வாசி. இன்னும் கொஞ்சந்தானே இருக்கு."