நாக்கடியில் ஒரு மாத்திரை

வேதமணி சித்தப்பா பாடுவதற்கு முன்னால் தொண்டைக்கு இதமாக அதிமதுரத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். பூனா கேம்ப்பில் எங்கள் தமிழ்ச் சபைப் பாடகர் குழுவின் கனத்த குரல் அவருடையது. அதனால் அவர் வாயில் எதைப் போட்டாலும் யாரும் என்னவென்று கேட்பதில்லை. அந்த வசதியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று நினைத்தால், இத்தனை வருடம் கழித்து மஸ்கட்டில் இருக்கும் எனக்கே ஆத்திரம் வருகிறது. அப்படியானால் ஜெரால்டின் சித்திக்கு எப்படி இருந்திருக்கும்?

தாபோடிப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் அவர் மேஸ்திரி. உலைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களை அதட்டுவதுதான் அவருக்கு வேலை. மற்றதெல்லாம் வேலையே இல்லை. 2003இல் லேசாக மாரடைப்பு வந்து வீட்டோடு கிடந்தார். இதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்குமா என்று சோதித்து, டாக்டர் சரி என்றால் உலைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் ஸ்டோர் ரூம் நாற்காலி. சித்தப்பா அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றிச் சித்தி கையில் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். முகமூடி மாட்டினால் அவர் இழுக்கும் காற்றையும் விடும் காற்றையும் மெஷின் அளக்கும். பேச முடியாது, வலித்தால் கையைத் தூக்க வேண்டும்.

வெளியே வந்த சித்தி சட்டையை மடித்தபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. மாத்திரை அட்டை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. ஒன்று புதிதாகப் பிய்க்கப்பட்டிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவர் வாயில் போட்டது அதிமதுரம் என்றல்லவா நினைத்திருந்தாள்! சைக்கிள் மிதிக்க எதற்குத் தொண்டை?

கதவைத் தள்ளிக்கொண்டு போய் அட்டையை டாக்டர் மேசையில் எறிந்தாள். தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைக் கொட்டினாள். டாக்டர் முகமூடியைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரை வலியை மறைத்துவிடும், சோதனை பொய் சொல்லும், நாளைக்கு இது இல்லாமல் வாருங்கள் என்றார்.

வராந்தாவில் சித்தப்பா சீறினார். "ஏட்டி, எம் பொழப்பக் கெடுக்கவா கூட வந்த?"

"செத்துப் போயிட்டு யார்ட்ட பாஸ் மார்க்க காட்டப் போறிய?"

மறுநாள் மாத்திரை இல்லாமல் மிதித்தார். பெடல் கனக்கக் கனக்க, ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குப் போகும் பிராணவாயுவைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போக வேண்டுமாம். சித்தப்பாவின் கோடு பாதியிலேயே படுத்துவிட்டது. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியும் அந்த மனுஷன் கையைத் தூக்கவில்லை. டாக்டரேதான் நிறுத்தினார். இதயத்துக்குப் போதிய ரத்தம் போகவில்லை, உடனே ஆஞ்சியோ பார்க்க வேண்டும், உலைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆட்டோ வாசலில் இறக்கிவிட்டது. வீடு இரண்டாவது மாடி. எப்போதும் நடுவில் செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்று மூச்சை மறைப்பவர், அன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு முட்டுது," என்றார், திட்டுவதுபோல.

"இத மொதல்லயே சொல்லத் தெரியலையாக்கும்?"

"சொன்னா நாற்காலியக் குடுத்திருவான்."

"இப்ப எதுல உக்காந்திருக்கிய?"

சித்தியும் இரண்டு படி கீழே, கோபம் ஆறாமலே, உட்கார்ந்துகொண்டாள்.